ஆற்காட்டு நவாபின் கடனும் நாடாளுமன்ற உறுப்பினர் பால் பென்பீல்டும்

கருநாடக நவாப் வாலாஜா முஹம்மது அலீ கானைப் (1717–1795) பற்றி நம் பாடநூல்கள் கூறும் செய்தி மிகச் சுருக்கமானது. அவர் ஆடம்பரமாக வாழ்ந்தார், அளவின்றிக் கடன் வாங்கினார், அதனால் அவர் வழியினர் நாட்டை இழந்தனர் என்பதே அது. கடன் என ஒன்று இருந்தால் அதனைக் கொடுத்தவர் என ஒருவரும் இருந்திருக்க வேண்டுமல்லவா? அவர் யார், அவருக்கு அவ்வளவு பொருள் எங்கிருந்து வந்தது, திரும்பப் பெற்றதைக் கொண்டு என்ன செய்தார் என்னும் வினாக்களை அந்நூல்கள் எழுப்புவதில்லை.

நவாபுக்குக் கடன் கொடுத்த ஐரோப்பியருள் தலையாயவர் பால் பென்பீல்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஊழியராக 1764இல் சென்னைக்கு வந்தவர். பின்னர் மூன்று தொகுதிகளின் சார்பில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். 1810இல் பாரிஸ் நகரில் வறியவராக மாண்டவர். இவருடைய வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்வோமாயின், ஆற்காட்டுக் கடன் என்பது ஒரு நவாபின் குடும்பக் கதை மட்டுமன்று என்பதும், வானூர், திண்டிவனம் போன்ற பகுதிகளின் களத்து நெல் கடல் கடந்து இங்கிலாந்தில் வாக்காக மாறிய வரலாறு அது என்பதும் புலனாகும்.

வானூர்ப் பகுதியிலிருந்து தொடங்குவதற்குத் தக்க காரணமுண்டு. புதுச்சேரிக்கு வடமேற்கே, செம்மண் மேடும் ஏரிப்பாசன நன்செயும் கலந்து கிடக்கும் இந்நிலப்பரப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் படைகள் ஓயாது நடமாடிய வழியாக இருந்தது. 1750 டிசம்பரில் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே தம் பாளையத்திலேயே கொல்லப்பட்டார். 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை வென்ற அயர் கூட், அதன்பின் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் கோட்டையையும், கடற்கரையில் ஆலம்பரைக் கோட்டையையும், புதுச்சேரிக்கு மேற்கு வாயில் போல் விளங்கிய வழுதாவூர்க் கோட்டையையும் கைப்பற்றினார். நெடிய முற்றுகைக்குப் பின் 1761 ஜனவரியில் புதுச்சேரி பணிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் செஞ்சியும் வீழ்ந்தது. (இந்த அயர் கூட்டும் பின்னாளில் லெஸ்டர், பூல் ஆகிய தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினரானார். தமிழகத்துப் போர்க்களங்களிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்குச் சென்ற பாதை அக்காலத்தில் நன்கு பழகிய பாதையாகவே இருந்திருக்கிறது.)

இப்போர் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நிகழ்ந்த போர். ஐரோப்பாவில் மூண்ட ஏழாண்டுப் போரின் ஒரு கிளை அது. ஆயினும் அதன் செலவுக் கணக்கு நவாபின் பெயரில் எழுதப்பட்டது. நாடு நவாபுடையது, நாங்கள் அவருக்காகப் போரிடும் துணைப்படையினர் என்பது கும்பெனியார் கூறிய நியாயம். புதுச்சேரியில் கைப்பற்றப்படும் தளவாடங்கள் தமக்கு உரியவை என்னும் நம்பிக்கையில் நவாப் முற்றுகைச் செலவை ஏற்றார். வெற்றி கிடைத்தபின் அத்தளவாடங்களைக் கும்பெனியின் அலுவலர்களே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஒரு தொகையை நவாபின் கணக்கில் வரவு வைப்பதாகக் கூறினர். இலண்டனிலிருந்த இயக்குநர் குழு அதனையும் ஏற்காமல் அத்தொகையை மீண்டும் நவாபின் பற்றிலேயே எழுதச் செய்தது. நவாபைக் கடனாளியாக்கியது சேப்பாக்கத்து மாளிகையா, புதுச்சேரி முற்றுகையா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதிய விடையாகும். மாளிகை எழுவதற்கு முன்பே கடன் எழுந்துவிட்டது.

1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை முஹம்மது அலீயைக் கருநாடகத்தின் நவாப் என்று ஏற்றது. 1765இல் தில்லிப் பேரரசர் ஷா ஆலம் அவரை நிஜாமின் மேலாண்மையிலிருந்து விடுவித்து ஃபர்மான் வழங்கினார். காகிதத்தில் அவர் முழு இறையாண்மை பெற்ற வேந்தர்; நடைமுறையில் கும்பெனியின் தவணைக்கு நாள் எண்ணிய கடனாளி. செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக விட்டுக்கொடுத்தும் நிலுவை தீரவில்லை. கும்பெனிக்கு உரிய தவணையைக் கட்டத் தவறினால் அரசே பறிபோகலாம். ஆகவே கும்பெனிக்குக் கட்டுவதற்காகக் கும்பெனியின் ஊழியர்களிடமே அவர் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டி தொடக்கத்தில் நூற்றுக்கு 36 வரை இருந்தது. பின்னர் 25, 20 எனக் குறைந்து, 1767இல் பழைய கடன்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டியபோது 10 என்று வரையறுக்கப்பட்டது. அப்போது திரண்ட தொகை 8,80,000 பவுன். பத்தாண்டுகளில், 1777இல், மற்றொரு திரட்டு. அதன் அளவு 24 இலட்சம் பவுன். இவற்றோடு குதிரைப்படைக் கடன் என்று 1,60,000 பவுன் தனியே நின்றது.

வட்டி விலக்கப்பட்டது என்பதை வாலாஜா அறியாதவரல்லர். மார்க்கக் கல்வியில் ஈடுபாடு மிக்கவர். இலக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபில் வந்த மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் அவர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் போற்றியவர். ஹாஜிகளுக்குக் கப்பல் வசதி செய்து கொடுத்தவர். அத்தகையவர் ஆண்டுதோறும் வட்டிப் பத்திரங்களில் முத்திரையிட்டார் என்பது அவர் வரலாற்றில் நாம் மறைக்கவோ மழுப்பவோ கூடாத பகுதி. நெருக்கடி ஒரு காரணம், மற்றொன்றும் உண்டு. கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் பலர் தமக்குக் கடன் கொடுத்தவராக இருக்கும்வரை தம்மைப் பதவியிலிருந்து அகற்ற அவர்கள் துணியமாட்டார்கள் என்று அவர் கணக்கிட்டார். கடனையே அரணாக்கிக் கொள்ளும் இந்தச் சூழ்ச்சி சில பத்தாண்டுகள் பயன் தரவே செய்தது. அதன் விலையைக் கொடுத்தவர் அவரல்லர் என்பதுதான் குறை.

கொடுத்தவர் யார் என்பதை அறிய அக்காலத்து வரிமுறையைச் சிறிது நோக்கவேண்டும். கடனுக்கு ஈடாக நவாப் கொடுத்தது பொன்னோ மணியோ அன்று; சீமைகளின் வருவாய். இன்ன சீமையின் வரி இன்னவருக்கு என்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டால், அச்சீமையில் கடன்காரரின் முகவர்களும் துபாஷிகளும் நுழைந்துவிடுவர். குத்தகைதாரர் தவணை கட்டச் சவுக்காரிடம் மாத வட்டிக்குக் கடன் வாங்குவார்; சவுக்கார் விளையாத பயிரின்மீது பணம் கொடுப்பார்; அறுவடை நாளில் குடியானவனின் களத்தில் இவர்கள் அனைவரின் ஆள்களும் நிற்பார்கள். நவாபின் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுப்பதாகக் கடன்காரர் ஏற்றுக்கொண்டு அதற்கென ஒரு சீமையைப் பெறுவதும், அந்தச் சீமையின் வரியைத் தண்டி வைத்துக்கொண்டே சிப்பாய்களைப் பல மாதங்கள் காத்திருக்கச் செய்வதும், பின்னர் அதே பணத்திலிருந்து சம்பளம் கொடுத்து நவாபிடம் வட்டியும் வாங்குவதும் நடைமுறையாக இருந்தன. கடன் கொடுத்தோரில் ஆங்கிலேயர் மட்டுமல்லர், நம் நாட்டுச் சவுக்கார்களும் இருந்தனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எனினும் நாடாளுமன்றத்தின் கதவு திறந்தது ஆங்கிலேயருக்கு மட்டுமே.

பென்பீல்டு இந்தச் சூழலில் வளர்ந்தவர். கட்டடக் கலை அறிந்தவராதலால் புனித ஜார்ஜ் கோட்டையின் அரண் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்தார். 1768இல் முடிந்த சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவரும் இவரே என்று கூறுவது வழக்கம். கும்பெனியில் அவருடைய ஊதியம் ஆண்டுக்குச் சில நூறு பவுன். அவ்வளவே ஊதியம் பெற்றவர் 1776இல் கும்பெனியின் ஆட்சிக்குழுமுன் வைத்த கோரிக்கை 2,34,000 பவுன்!

அக்கோரிக்கை பிறந்த கதை தஞ்சாவூரைச் சார்ந்தது. 1773 செப்டம்பரில் நவாப் கும்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றி மராட்டிய மன்னர் துளஜாஜியைச் சிறைவைத்தார். நவாபை எத்துணைப் பரிவோடு நோக்கினும் இச்செயலுக்கு நியாயம் கற்பிக்க இயலாது. இயக்குநர் குழுவும் அதனை ஏற்கவில்லை. தஞ்சையை மன்னரிடம் திரும்ப ஒப்படைக்குமாறு பணித்து, முன்பு ஆளுநராக இருந்த பிகட் பிரபுவை மீண்டும் சென்னைக்கு அனுப்பியது. பிகட்டும் அப்போது பிரிட்ஜ்நார்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரே. 1776 ஏப்ரலில் அவர் துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். உடனே பென்பீல்டு முன்வந்தார். தஞ்சை வருவாயை ஈடாகக் கொண்டு நவாபுக்கு 4,05,000 வராகன், அதாவது 1,62,000 பவுன் கொடுத்திருப்பதாகவும், தஞ்சைக் குடிகளுக்கு நின்ற பயிரின்மீது 72,000 பவுன் கொடுத்திருப்பதாகவும், நாடு யார் கைக்குப் போனாலும் பணம் தமக்கு வந்தாக வேண்டும் எனவும் வாதிட்டார்.

ஆட்சிக்குழு முதலில் இக்கோரிக்கையைத் தள்ளியது. பின்னர் பெரும்பான்மையினர் மனம் மாறினர். அவர்களுட் பலருக்கு நவாபின் கடனில் சொந்த நலன் இருந்தது என்பதை நினைவிற் கொண்டால் இம்மாற்றம் வியப்பளிக்காது. பிகட் இணங்க மறுத்தார். 1776 ஆகஸ்டு 24 அன்று மாலை வண்டியில் சென்றுகொண்டிருந்த ஆளுநரை அவருடைய குழுவினரே படைவீரரைக் கொண்டு கைது செய்து பரங்கிமலைக்குக் கொண்டு சென்றனர். காவலில் இருந்தவாறே 1777 மே 11ஆம் நாள் அவர் உயிர் துறந்தார். இங்கிலாந்தில் இது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. குழு உறுப்பினர் நால்வர்மீது வழக்கு நடந்து, ஒவ்வொருவருக்கும் 1,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. ஓர் ஆளுநரைக் கவிழ்த்த குற்றத்துக்கு இத்தண்டனை எவ்வளவு இலேசானது என்பதை அவர்கள் ஈட்டிய பொருளோடு ஒப்பிட்டுக் காண்க.

பென்பீல்டு நாடு திரும்ப ஆணையிடப்பட்டு 1779இல் இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது தண்டனையன்று. 1780ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வில்ட்ஷயரிலுள்ள கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்து ஆங்கிலத் தொகுதிகள் பல சில நூறு வாக்காளர்களைக் கொண்டவை. பணம் உள்ளவர் வாங்கக்கூடியவை. கிரிக்லேடோ, ஊழல் பெருகியதால் 1782இல் தனிச் சட்டமியற்றிச் சுற்றுப்புறத்து வாக்காளரையும் சேர்த்துச் சீர்திருத்த வேண்டிய நிலைக்கு ஆளான தொகுதி. அதே தொகுதியின் மற்றோர் உறுப்பினர் ஜான் மெக்பர்சன், 1768இல் நவாபின் முகவராக இலண்டன் சென்றவர். அவர் இனத்தவரும் ‘ஓசியன்’ பாடல்களால் புகழ்பெற்றவருமான ஜேம்ஸ் மெக்பர்சன், நவாபின் அலுவலைக் கவனித்துக்கொண்டே கேமல்போர்டு தொகுதியில் அமர்ந்திருந்தார். பென்பீல்டின் பணத்தால் முந்திய நாடாளுமன்றத்தில் எட்டு உறுப்பினர்கள் இடம்பெற்றனர் என்று 1785இல் எட்மண்டு பர்க் குற்றஞ்சாட்டினார். எண்ணிக்கையில் கூடுதல் குறைவு இருக்கலாம். ஆற்காட்டுக் கட்சி என ஒன்று வெஸ்ட்மின்ஸ்டரில் இயங்கியது என்பதில் ஐயமில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட மறு ஆண்டே, 1781இல், பென்பீல்டு கும்பெனிப் பணியில் மீண்டும் சேர்க்கப்பட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார். கிரிக்லேடு மக்களின் பிரதிநிதி 1784 வரை தம் இருக்கையை விடாமலே சோழமண்டலக் கரையில் கடன் தண்டிக்கொண்டிருந்தார் என்றால், அந்த இருக்கை எதற்காக வாங்கப்பட்டது என்பதை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

அவர் திரும்பி வந்தபோது கருநாடகம் எரிந்துகொண்டிருந்தது. 1780 ஜூலையில் ஹைதர் அலீ மலைக்கணவாய்களைக் கடந்து இறங்கியதிலிருந்து ஆற்காட்டுச் சமவெளி போர்க்களமாகி, ஊர்கள் பாழாயின. திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் கோட்டை மீண்டும் முற்றுகைக்கு உள்ளாகி 1782இல் ஹைதருக்கும் அவருடைய பிரெஞ்சுத் துணைவருக்கும் பணிந்தது. புதிய ஆளுநர் மெக்கார்ட்னி பிரபு, போர்ச் செலவுக்காக நவாபின் வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுகளுக்குக் கும்பெனியின் கையில் ஒப்புவிக்கச் செய்தார். 1781 டிசம்பரில் ஏற்பட்ட இவ்வொப்பந்தப்படி ஆறில் ஒரு பங்கு மட்டும் நவாபின் குடும்பச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. இது நவாபுக்கு அவமானம், கடன்காரர்களுக்கோ பேரிடி. சீமை வருவாயில் அவர்கள் கைவைக்க இனி வழியில்லை. பென்பீல்டு மெக்கார்ட்னியைக் கடுமையாக எதிர்த்தார். நவாபும் அவரையே சார்ந்து நின்றார். கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் ஒரே அணியில் நின்ற இக்காட்சி பிற்கால வரலாற்றாசிரியரைக் குழப்பியிருக்கிறது. இருவருக்கும் வேண்டியது ஒன்றே என்பதை உணர்ந்தால் குழப்பத்துக்கு இடமில்லை: வருவாய் கும்பெனிக் கணக்கில் சேராமல் வெளியே இருத்தல்.

முடிவு இலண்டனில் செய்யப்பட்டது. 1784இல் பிட் இயற்றிய இந்தியச் சட்டம் நவாபின் கடன்களை ஆராயுமாறு பணித்திருந்தது. ஆனால் ஹென்றி டண்டாஸ் தலைமைப் பொறுப்பேற்று நடத்திய கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ச்சி ஏதுமின்றி மூவகைக் கடன்களையும் ஏற்றது. ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், கருநாடக வருவாயிலிருந்து கடன்தீர்ப்புக்கென ஒதுக்கப்பட்டது. சீமைகளும் நவாபிடம் திரும்பின. மெக்கார்ட்னி பதவி துறந்தார்.

1785 பிப்ரவரி 28 அன்று பர்க் ஆற்றிய நெடிய உரை இவ்வேற்பாட்டைக் கண்டித்து நிகழ்ந்தது. கடன்களில் பெரும்பகுதி கைமாறிய பணமே இல்லாத வெறும் பத்திரம் என்றும், நாடாளுமன்றத்தில் அமைச்சரவைக்குக் கிடைத்த ஆதரவுக்குக் கூலியாகவே அவை ஏற்கப்பட்டன என்றும் அவர் வாதித்தார். நமக்கு அவ்வுரையில் உருக்கமான பகுதி ஏரிகளைப் பற்றியது. செங்கல்பட்டு ஜாகீரின் நில அளவைப் படத்தைச் சுட்டிக்காட்டி, அதில் மட்டும் 1,100 ஏரிகள் உள்ளன என்றும், கருநாடகத்திலும் தஞ்சையிலும் பெரியவும் நடுத்தரமானவையுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருக்கும் என்றும், முன்னை அரசர்கள் குடிகளுக்கு விட்டுச்சென்ற இவ்வறங்கள் கரையுடைந்து கிடக்க, அவற்றைச் செப்பனிட வேண்டிய பணம் கடன்காரரிடம் போகிறது என்றும் கூறினார். ஏரி நம்பிப் பயிர் செய்த வானூர்ப் பகுதியைப் போன்ற ஊர்களின் துன்பம் ஆங்கில நாடாளுமன்றத்தில் ஒலித்த அரிய தருணம் அது.

எனினும் பர்க்கை நடுநிலையாளர் என்று கொள்ளலாகாது. அவருடைய நெருங்கிய நண்பரும் உறவினர்போல் உடன் வாழ்ந்தவருமான வில்லியம் பர்க், நவாபின் பகைவரான தஞ்சை மன்னரின் முகவர். நவாபை உயிரற்ற பொம்மையாகச் சித்திரிப்பது பர்க்கின் வாதத்துக்குத் தேவையாயிருந்தது. அந்தச் சித்திரமே பின்வந்த நூல்களில் நிலைத்துவிட்டது. பென்பீல்டின் பெயர் மறைய, வாலாஜாவின் பழி மட்டும் எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அன்றைய வாக்கெடுப்பிலும் பர்க்கின் தரப்பே தோற்றது.

பென்பீல்டு 1788இல் இறுதியாக இந்தியாவை விட்டார். 1790 முதல் 1792 வரை மால்ம்ஸ்பரி, 1793 முதல் 1802 வரை ஷாப்ட்ஸ்பரி என அவர் நாடாளுமன்ற வாழ்க்கை தொடர்ந்தது. 1794இல் அவர் வாங்கிய ஹெர்ட்போர்டுஷயரின் உட்ஹால் பார்க் மாளிகை, சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் ரம்போல்டு கட்டியது. இந்தியாவில் ஈட்டிய பணத்தில் எழுந்த மாளிகை கருநாடகப் பணத்துக்குக் கைமாறிற்று. இலண்டனில் அவர் தொடங்கிய பாய்டு–பென்பீல்டு வணிக நிறுவனம் நூற்றாண்டு முடிவதற்குள் நொடித்தது. 1801இல் உட்ஹாலும் விற்கப்பட்டது. அவர் பாரிஸில் வறுமையில் இறந்த அதே 1810ஆம் ஆண்டில்தான் (ஹிஜ்ரி 1225) சென்னையில் பஹ்ருல் உலூம் அவர்களும் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார்கள்.

கடன் அவர்கள் இருவரையும் விஞ்சி வாழ்ந்தது. வாலாஜா 1795 அக்டோபரில் காலமாகித் திருச்சி நத்தர்வலீ தர்காவில் அடக்கம் பெற்றார். அவர் மைந்தர் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்ததும், அம்மாதம் 31ஆம் நாள் உடன்படிக்கையால் ஆட்சி முழுவதும் கும்பெனியிடம் சென்றது. வானூரும் திண்டிவனமும் தென்னார்க்காட்டு ஆட்சியரின் கீழ் வந்தன. முந்திய ஏற்பாடுகளில் அடங்காத எஞ்சிய கடன்களை ஆராய 1805இல் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். கால் நூற்றாண்டு நீண்ட அவ்விசாரணையில் 3 கோடிப் பவுனுக்கு மேல் கோரிக்கைகள் வந்தன. உண்மையானவை என்று ஏற்கப்பட்டவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பென்பீல்டு குழுவினரின் கடன்களை ஆராயாமலே ஏற்ற 1784ஆம் ஆண்டு முடிவை எடைபோட இவ்விகிதம் ஒன்றே நமக்குக் கிடைக்கும் அளவுகோல்.

1855இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளைப்பேறின்றி இறந்தபின், பென்பீல்டு கட்டியதாகச் சொல்லப்படும் சேப்பாக்கம் மாளிகை நவாபின் கடன்களுக்காக ஏலத்துக்கு வந்தது. சென்னை அரசாங்கமே அதனை வாங்கிற்று.